படக்கார அண்ணையும் இரண்டு அன்னங்களும்

இத்தாலியின் பலெர்மோவில் எங்கள் ஆட்கள் ஒரு விசேஷம் வைத்தால் முதலில் மண்டபத்துக்குச் சொல்வார்கள். இரண்டாவதாகச் சாப்பாட்டுக்கு. மூன்றாவதாகப் படக்கார அண்ணைக்கு. அவருக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, ஏன்தான் சொன்னோமோ என்று யோசிப்பார்கள்.

அவர் எடுக்கும் படம் கூடாது என்று எவரும் சொன்னதில்லை. நன்றாகத்தான் இருக்கும். இருந்தது இருந்தபடியே இருக்கும், அதுதான் வில்லங்கம். மாப்பிள்ளையின் நெற்றிப் பரு படத்திலும் இருக்கும். கேக் வெட்டும்போது பின்னால் நின்று கொட்டாவி விட்ட பெரியப்பா அல்பத்திலும் கொட்டாவி விடுவார். "அண்ணை, பிள்ளையின்ரை முகத்தைக் கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ" என்று பெண்ணின் தாய் கெஞ்சினால், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"இருந்ததோ?"

அந்த வெள்ளை அன்றைக்கு அந்த முகத்தில் இருந்ததா என்பது கேள்வி. இருக்கவில்லை என்றால் அவருடைய படத்திலும் அது இருக்காது. கோபித்துக்கொண்டு போனவர்கள் பலர். போனவர்கள் அடுத்த விசேஷத்துக்கு வேறு ஆளைப் பிடிப்பார்கள், அதற்கடுத்த விசேஷத்துக்கு இவரிடமே திரும்பி வருவார்கள். ஒரு கலியாண வீட்டில் பெண்ணின் தாய் காலையிலிருந்து எல்லோரையும் கரித்துக் கொட்டிக்கொண்டு திரிந்தாள். கடைசியில் திரைக்குப் பின்னால் தரையில் குந்தியிருந்து மகளின் செருப்பு வாரைப் பல்லால் இழுத்து இறுக்கினாள். அது ஒருவர் கண்ணிலும் படவில்லை. படக்கார அண்ணை எடுத்திருந்தார். தாலி கட்டிய படம் அந்த வீட்டில் எங்கே இருக்கிறது என்று தெரியாது. சுவரில் தொங்குவது செருப்புப் படம்.

அவருக்குப் பெயர் இல்லாமலில்லை. எடுத்த படத்தின் மூலையில்கூட அதைப் போடாத மனுசனுக்கு நான் ஏன் இங்கே போட வேண்டும்? நெடிய, ஒல்லியான ஆள். நிறையப் பைகள் வைத்த மண்ணிற ஜாக்கெட். "சிரியுங்கோ" என்றோ "இஞ்சாலை பாருங்கோ" என்றோ அவர் வாயில் வந்ததில்லை. எங்கேயாவது ஒளிந்திருந்து எடுப்பார். ஒரு ஞானஸ்நானத்தில் "படக்காரர் எங்கை?" என்று பாதிரியார் முதற்கொண்டு எல்லோரும் தேட, பலகார மேசைக்குக் கீழே இருந்து இரண்டு சப்பாத்துகள் தெரிந்தன. குழந்தை அந்தப் பக்கமாகத் தவழ்ந்து வரும் என்று காத்திருந்தாராம். அரை மணித்தியாலம் கழித்துக் குழந்தை வந்தது.

சோற்றுக்கு அவர் செய்தது வேறு வேலை. பொலிதேயாமாப் பக்கம் ஐந்து கட்டிடங்களின் படிகளைக் கழுவினார். அதில் ஒன்றில், மூன்றாம் மாடியில் இருக்கும் இத்தாலிய அம்மாவின், என் சின்யோராவின், வீட்டை நான் துப்புரவு செய்கிறேன். அப்படித்தான் பழக்கம். காலையில் நான் ஏறிப் போகும்போது இரண்டாம் மாடி ஜன்னலடியில் மொப்பை நட்டு, அதன் பிடியில் நாடியை ஊன்றிக்கொண்டு, முற்றத்துக்கு மேலே தெரியும் துண்டு வானத்தைப் பார்த்தபடி நிற்பார். படி பாதி நனைந்தும் பாதி காய்ந்தும் கிடக்கும். "உன் ஊர்க்காரர் இன்றைக்கும் வானத்தைத்தான் கழுவுகிறார்" என்று சின்யோரா சொல்லிச் சிரிப்பாள்.

இந்தப் பறவைப் பைத்தியம் அவருக்கு ஒரு கலியாணச் சண்டையால் பிடித்தது. திராப்பானிப் பக்கம் கடலோரத்தில் உப்பளங்கள் இருக்கின்றன. அதில் ஒரு பெரிய பகுதியைப் பறவைகளுக்கென்று ஒதுக்கிப் பாதுகாக்கிறார்கள். பழைய காற்றாலையும் அந்தி வெளிச்சமுமாக அழகான இடம் என்று ஒரு புது ஜோடி அவரை அங்கே கூட்டிப் போயிருக்கிறது.

"போய் இறங்கினதும் சண்டை பிடிச்சிதுகள், தங்கச்சி" என்று ஒருநாள் படியில் நின்று சொன்னார். "ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு மணித்தியாலம் நிண்டிதுகள். நான் ஏன் சும்மா நிப்பான் எண்டு கமராவை அங்காலை திருப்பினன். ஒரு நூறு பூநாரை நிண்டுது. ஒண்டும் என்னைப் பார்க்கேல்லை. ஒண்டும் 'என்ரை வயிறு தெரியுதோ அண்ணை' எண்டு கேக்கேல்லை. அண்டைக்குப் பிடிச்சது."

"நீங்கள் மன்னார்தானே. அங்கையும் பூநாரை வாறதெல்லோ. ஊர் ஞாபகம் வந்திட்டுதாக்கும்" என்றேன்.

"ஊர் ஞாபகமோ? ஊரிலை நான் அதை நிமிர்ந்தும் பார்த்தது கிடையாது. அங்கை அது என்ரை சைக்கிளுக்குக் குறுக்கை நிக்கிற கொக்கு."

அதற்குப் பிறகு வியாழன் பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும், எங்களைப் போல வீட்டு வேலை செய்பவர்களுக்கு லீவு கிடைக்கும் இரண்டு நேரமும், அவர் உப்பளத்தில்தான். நானும் ஒருமுறை குடும்பத்தோடு போனேன். நாணலுக்குள் ஒரு பலகைக் குடில். அதில் ஒரு நீண்ட வெடிப்பு. அதற்குள்ளால் பார்த்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் இருக்க வேண்டும், கதைக்கக் கூடாது. என்னால் இரண்டு நிமிஷம் முடியவில்லை. சிவப்புக் குச்சி போன்ற கால்களோடு ஒரு சின்னப் பறவை நடந்து போனது. "அது என்ன?" என்று கேட்டேன். அது பறந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் வெளியே வந்து காருக்குள் இருந்து கடலை சாப்பிட்டேன். என் மகள் அபி மட்டும் கடைசி வரை அவருக்குப் பக்கத்தில் மூச்சு விடாமல் இருந்தாள். அவளுக்கு அப்போது பதினொரு வயது. அவரை இத்தாலிய மொழியில் 'ஸியோ' என்றுதான் கூப்பிடுவாள். மாமா என்ற சொல்லை அவள் ஒருவருக்காக ஒதுக்கி வைத்திருந்தாள்.

அந்த ஒருவர் என் தம்பி தவம். போருக்குப் பிறகு எனக்கு மிஞ்சிய ஒரே கூடப்பிறந்தவன். வவுனியாவில் இருக்கிறான். நான் இங்கே வந்தபின் அவனை நேரில் கண்டதில்லை. அபி பிறந்ததிலிருந்து அவனைப் போனில்தான் கண்டிருக்கிறாள். அபி பெரியபிள்ளையானபோது, சாமத்திய வீட்டுக்கு மாமன் வந்தே ஆக வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். கடிதம், பத்திரம், அழைப்பு எல்லாம் அனுப்பினேன். விசா கிடைக்கவில்லை. மண்டபத்துக்குச் சொல்லியாயிற்று. விழாவைத் தள்ள முடியவில்லை.

இங்கே எங்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. வர முடியாதவர்களுக்குக் குடும்பப் படத்தில் இடம் விட்டு நிற்போம். விசா கிடைக்காத மாமனுக்கு, கடவுச்சீட்டு இல்லாத தகப்பனுக்கு, சில வேளை செத்துப்போனவர்களுக்கும். அவர்கள் ஊரில் ஒரு ஸ்டூடியோவில் உடுத்திக்கொண்டு நின்று படம் எடுத்து அனுப்புவார்கள். இங்கே அதை வெட்டி, விட்ட இடத்தில் ஒட்டிவிடுவார்கள். தவமும் வவுனியாவில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனான். பட்டுவேட்டி சால்வையோடு, பச்சைத் துணிக்கு முன்னால், வலது கையை உயர்த்தி, இல்லாத ஒரு பிள்ளையின் தோளில் வைத்தபடி நின்று எடுத்து அனுப்பினான். அதைப் போனில் பார்த்துவிட்டு நான் குசினிக்குள் போய் அழுதேன்.

விழாவன்று நாங்கள் எல்லோரும் அபியின் இடப்பக்கம் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு நின்றோம். படக்கார அண்ணை அப்படியே எடுத்தார்.

அன்றைக்கு இன்னொரு கூத்தும் நடந்தது. இப்போது சாமத்திய வீடுகளில் பிள்ளையை அன்னத்தில் ஏற்றித்தான் மண்டபத்துக்குள் கொண்டுவருகிறோம். ரெஜிபோம் என்ற நுரைப்பலகையில் செய்த பெரிய வெள்ளை அன்னம், அடியில் சில்லு, பின்னால் நின்று தள்ள நாலு பேர். எங்களுக்கு வந்த அன்னம் வான் வண்டியில் சரிந்து கிடந்து வந்ததில் கழுத்து முறிந்துவிட்டது. வெள்ளை டேப் சுற்றி நிமிர்த்தி வைத்திருந்தார்கள். தள்ளத் தள்ள அது வருகிறவர்களுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு வந்தது. அன்னம் வாசலுக்கு வந்ததும் தாய்மாமன் அதற்கு முன்னால் தேங்காய் உடைக்க வேண்டும், பிறகு பிள்ளை இறங்கும். மாமன் இல்லாததால் என் கணவரின் சிநேகிதர் ஒருவர் உடைத்தார். அந்த வீடியோவை வவுனியாவில் தவம் எத்தனை முறை பார்த்தான் என்பதற்குக் கணக்கில்லை.

விழா முடிந்து ஒரு கிழமையில் படக்கார அண்ணை மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்தார். அன்னத்தின் கழுத்து டேப் ஒவ்வொரு படத்திலும் பளிச்சென்று தெரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அபிக்குச் சிரிப்பு.

"ஸியோ, இந்த அன்னத்துக்கு ஆஸ்பத்திரி வேணும். வேற அன்னம் ஒண்டு எடுத்துத் தாங்கோவன். உண்மையானது."

"தாறன்" என்றார். "ஆனால் நேரம் எடுக்கும். இந்தப் பக்கம் அது வாறது குறைவு."

நான் தவத்தின் ஸ்டூடியோப் படத்தை அவருக்குக் காட்டினேன். அவர் அதை நெடுநேரம் பார்த்தார்.

"வடிவான படம். தனியா ஒரு பக்கத்திலை போடுவம்."

"தனியா என்னத்துக்கு? இடம் விட்டு நிண்டனாங்கள்தானே. அதுக்குள்ளை வையுங்கோ."

கண்ணாடியைக் கழற்றினார். எனக்குக் கேள்வி தெரியும். அவர் கேட்குமுன் நானே கத்தினேன். "இருக்கேல்லை! வரவிடேல்லை, அதாலை இருக்கேல்லை! அண்ணை, உங்களுக்கு நெஞ்சிலை ஈரமே இல்லையோ?"

அவர் கோபப்படவில்லை. மேசைத் துணியின் ஓரத்தை நீவியபடி சொன்னார்.

"என்ரை தங்கச்சியின்ரை கலியாணத்துக்கு எனக்குப் போகக் கிடைக்கேல்லை. என்னை வெட்டி ஒட்டினவை. நல்லா ஒட்டியிருந்தவை, நிழல்கூட விழுந்திருந்தது. இப்ப அம்மா வாறவை போறவைக்கெல்லாம் 'மகன் கலியாணத்துக்கு வந்தவன்' எண்டு காட்டுறா. அவ பொய் சொல்லேல்லை, அப்பிடித்தான் நம்புறா. அதுக்கு முந்தி ஒவ்வொரு கிழமையும் 'எப்பயடா வருவாய்' எண்டு கேப்பா. அந்தப் படம் வந்தாப்பிறகு கேக்கிறேல்லை. இடத்தை நிரப்பிப்போட்டால் பிறகு ஆர் காத்துக்கொண்டிருப்பினம்?"

இன்றைக்கு இதை எழுதும்போது விளங்குகிறது. அன்றைக்கு விளங்கவில்லை. "உங்கடை கதை உங்களுக்கு. எனக்கு என்ரை தம்பி வேணும்" என்றேன். "எனக்கும் அவர் வேணும்" என்று சொல்லிவிட்டு மடிக்கணினியை மூடிக்கொண்டு போனார்.

ஒரு வருஷத்துக்குக் கிட்ட நான் அவரோடு கதைக்கவில்லை. படியில் காணும்போது அவர் வாளியைத் தூக்கி வழி விடுவார். நான் ராணி மாதிரி ஏறிப் போவேன். ஈரப்படியில் ஒருமுறை வழுக்கி அவருடைய கையையே பிடித்தேன். பிடித்துவிட்டும் கதைக்கவில்லை. என்னுடைய பிடிவாதம் அப்படி.

அல்பம் வந்தது. கடைசிப் பக்கம், அபிக்குத் தருவதாகச் சொன்ன அன்னத்துக்காக, வெறுமையாக இருந்தது. குடும்பப் படத்தைப் பெரிதாக்கி, அதையும் கொடுத்துவிட்டிருந்தார், இடைவெளியோடு. நான் அதைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். என் கணவரோ சட்டம் வாங்கியாயிற்று என்று சொல்லி இழுத்தெடுத்து ஹோலில் மாட்டிவிட்டார்.

அந்த இடைவெளி என்னைப் படுத்திய பாடு! வருகிற ஒவ்வொருவரும் முன்பல் விழுந்த வாயைப் பார்ப்பதுபோல அதைப் பார்ப்பார்கள்.

"இதென்ன, ஆரையோ வெட்டிப்போட்டியளோ?"

"இல்லை. அது என்ரை தம்பியின்ரை இடம். வருவான்."

"எப்ப வாறார்?"

இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு முறையும் ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருந்தது. நத்தார்ப் பண்டிகைக்கு என்றேன். நத்தார் போனது. ஈஸ்டருக்கு என்றேன். அதுவும் போனது. பொய் சொல்லிச் சொல்லி வாய் கூசி, கடைசியில் ஒருநாள் பத்திரக் கட்டைத் தூக்கிக்கொண்டு மறுபடி புறப்பட்டேன். சின்யோராவைக் கையெழுத்துப் போட வைத்தேன். போன தடவை விட்ட பத்திரங்களைத் தேடி எடுத்தேன். ஒட்டிய படம் ஒன்று சுவரில் தொங்கியிருந்தால் நான் இவ்வளவு பாடுபட்டிருப்பேனா? மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும். பத்திரக் கட்டோடு அவர் கழுவிய படியால் இறங்கிப் போகும்போது, "அண்ணை, திரும்பவும் போட்டுப் பாக்கப்போறன்" என்று நானாகக் கதைத்தேன். அவர் மொப்பை விட்டுவிட்டுக் கீழ்க்கதவு வரை வந்து திறந்துவிட்டார்.

அதே காலத்தில் அவரும் அன்னம் தேடித் திரிந்தார். இரண்டு மாரி. ஒவ்வொரு திங்களும், நான் கதைக்காத காலத்திலும், படியில் அறிக்கை வாசிப்பார்: "தங்கச்சி, ஒண்டும் இல்லை." அபியின் போனுக்குப் படங்கள் வரும். வெள்ளைக் கொக்கு, கீழே 'இது அன்னம் இல்லை.' ஊசி போன்ற வளைந்த சொண்டோடு ஒன்று, கீழே 'இதுவும் இல்லை.' ஒருமுறை வெள்ளைப் பிளாஸ்ரிக் பை ஒன்று தண்ணீரில் மிதந்தது. அதையும் எடுத்து 'தூரத்திலை பார்த்து ஏமாந்திட்டன்' என்று போட்டிருந்தார். மிலானோவில் இருக்கும் என் கணவரின் மச்சான் ஏரியில் எடுத்த அன்னப் படங்கள் பத்து அனுப்பினார். இதில் ஒன்றை எடுத்து அல்பத்தில் போடுங்கோ என்றோம். "அது அவரின்ரை அன்னம்" என்றார். பூங்காக் குளத்தில் நிற்கிறதே என்றேன். "அது வளர்ப்பு. அதுக்கு உத்தியோகமே அங்கை நிக்கிறதுதான்" என்றார்.

தவத்துக்கு விசா கிடைத்தது. தை மாதத்தில் ஒரு மாதம்.

விமான நிலையத்தில் அவன் அபியைத் தேடி இடுப்பு உயரத்தில் பார்த்தான். அவள் அவனைவிட அரைச் சாண் உயரமாக முன்னால் நின்றாள். "மாமா, நான் இஞ்சை மேலை" என்றாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஹோல் சுவருக்கு முன்னால் போய் நின்றான். அந்த இடைவெளியின் மேல் உள்ளங்கையை வைத்தான். கண்ணாடியில் அவனுடைய கை பதிந்த இடத்தை ஒரு கிழமைக்கு நான் துடைக்கவில்லை.

அவன் வந்த இரண்டாம் சனிக்கிழமை படக்கார அண்ணையின் போன் வந்தது. அந்த மனுசன் முதன்முதலாகக் கத்திக் கதைத்ததைக் கேட்டேன். உப்பளத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி சொல்லியிருக்கிறாள், இரண்டு அன்னங்கள் வந்து நிற்கின்றனவாம்.

"நாளைக்கு விடிய வெளிக்கிடுவம். அபியைக் கூட்டிவாங்கோ. தம்பியையும் கூட்டிவாங்கோ."

"பட்டுச் சீலை கட்டலாமோ அண்ணை?"

"சத்தமில்லாத சீலையாப் பார்த்துக் கட்டுங்கோ. காப்பு வேண்டாம்."

காப்புப் போடவில்லை. ஆனால் வேறொன்று செய்தேன். அன்று பின்னேரமே பல்லரோச் சந்தைக்குப் போய், எங்கள் ஆட்களின் கடையில் குலுக்கிக் குலுக்கிப் பார்த்து நல்ல தேங்காய் ஒன்று வாங்கினேன். என் பிள்ளைக்கு அவளுடைய மாமன் தேங்காய் உடைக்கவில்லை என்ற குறை இரண்டு வருஷமாக என்னை அரித்துக்கொண்டிருந்தது. படமெல்லாம் எடுத்து முடிந்தபின், தூரத்தில், காருக்குப் பக்கத்தில் வைத்து உடைக்கலாம் என்பது என் திட்டம். படக்கார அண்ணைக்குச் சொல்லவில்லை. தவத்திடம் கொடுத்து, "முடிஞ்சாப்பிறகு" என்றேன். அவன் தலையாட்டினான். எந்த முடிவு என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உப்பளம் அன்றைக்குப் பால் சிந்தியதுபோல அமைதியாக இருந்தது. நூற்றுக்கணக்கில் பூநாரைகள் தலையைச் செட்டைக்குள் செருகி நித்திரை. அப்பால், தூரத்தில், இரண்டு வெள்ளை. படக்கார அண்ணை வரம்போரம் ஈரமண்ணில் குந்தி முக்காலியில் பெரிய லென்ஸை வைத்தார். கழுத்தில் பழைய சின்னக் கமரா தொங்கியது. அவருக்குப் பின்னால் நாணலோரமாக அபியும் தவமும். அபி பாவாடை தாவணிக்கு மேல் குளிர் ஜாக்கெட் போட்டிருந்தாள். தவம் என் கணவரின் பெரிய கோட்டுக்குள் காணாமல் போயிருந்தான். ஒன்றரை மணித்தியாலம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். என் வாழ்நாள் சாதனை அது.

அன்னங்கள் திரும்பின. நீந்தத் தொடங்கின. நேரே எங்களை நோக்கி.

"வருது" என்று படக்கார அண்ணை மூச்சால் சொன்னார். "அன்னம் வருது. ஒருத்தரும் அசையாதேங்கோ."

முன்னால் வந்தது கழுத்தை வளைத்துத் தண்ணீரில் தன்னையே பார்த்தது. அவருடைய விரல் பொத்தானில் இருந்தது. அவர் அமத்தவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று காத்திருந்தார்.

தவம் அபியைப் பார்த்தான். அன்னத்தைப் பார்த்தான். வவுனியாவில் இருந்து இரண்டு வருஷமாக அந்த வீடியோவைப் பார்த்துப் பார்த்து ஊறிப்போனவன். அன்னம் வாசலுக்கு வந்தால் மாமன் என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்கு மனப்பாடம். கண் கலங்க, கோட்டுக்குள்ளிருந்து தேங்காயை எடுத்து, வரம்பில் கிடந்த கல்லில் ஓங்கி அடித்தான்.

அந்தச் சத்தம்! உப்பளம் முழுக்க அது ஓடியது. அத்தனை பூநாரைகளும் ஒரேயடியாக எழும்பின. வானம் இளஞ்சிவப்பாகிப் போனது. கிறீச்சிட்டுக்கொண்டு சின்னப் பறவைகள், எங்கோ ஒரு நாய், எல்லாவற்றுக்கும் மேலாக என்னுடைய "ஐயோ!" அன்னம் பாரமான பறவை, நினைத்தவுடன் பறக்க முடியாது. இரண்டும் செட்டையை அடித்துக்கொண்டு தண்ணீருக்கு மேல் தடதடவென்று ஓடின. பஸ்ஸைத் தவறவிடப்போகிற பெண்கள் ஓடுவதுபோல ஓடின.

படக்கார அண்ணை பெரிய லென்ஸை விட்டார். இரண்டு மாரி காத்திருந்த மனுசன், அதை அப்படியே விட்டுவிட்டு, குந்தியிருந்த இடத்தில் முழங்காலால் சுழன்று, தண்ணீருக்குள் பின்வாங்கிச் சரிந்து, கழுத்தில் கிடந்த சின்னக் கமராவைத் தூக்கி எங்கள் பக்கம் ஒரே ஒரு முறை அமத்தினார். தண்ணீருக்குள் அவர், வரம்பில் நாங்கள். ஓடிய அன்னங்கள் வளைந்து, வரம்பைத் தாண்டி, எங்களுக்குப் பின்னால் இருந்த பாத்தியில் தண்ணீரை மிதித்துக்கொண்டு போயின. பிறகு எல்லாம் முடிந்தது. தேங்காய்த் தண்ணீர் அபியின் மூக்கிலிருந்து சொட்டியது.

"அன்னம் வந்தால் உடைக்கிறதுதானே அக்கா?" என்றான் தவம், இரண்டு கையிலும் இரண்டு பாதியோடு.

உப்பளத்துப் பெண்மணி ஓடி வந்தாள். அவள் திட்டிய திட்டில் பாதி சிசிலிய மொழி. அது புரியாமல் இருந்ததே நல்லது. படக்கார அண்ணை இடுப்புவரை சேறாக எழும்பித் தொப்பியைக் கழற்றி, "கோல்பா மியா" என்றார், பிழை என்னுடையது என்று. தேங்காய் வாங்கியது நான், உடைத்தது தவம். அவர் இருவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. இளவேனில் முடியும் வரை இந்தப் பக்கம் வரக்கூடாது என்றாள் அவள். "சரி" என்றார். தவம் ஒரு தேங்காய்த் துண்டை அவளிடம் நீட்டினான். அவள் அவனை மேலும் கீழும் பார்த்து, வாங்கி, மென்றுகொண்டே போனாள்.

"அண்ணை, உங்கடை அன்னம்…" என்று நான் தொடங்கினேன். அவர் குனிந்து கமராவின் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்தேன். நிமிர்ந்தார். சிரித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு காலத்தில் அவருக்கு அத்தனை பல் இருப்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

படம் கொஞ்சம் சரிந்திருக்கிறது. நடுவில் அபி தலையைப் பின்னால் போட்டுச் சிரிக்கிறாள். அவளுடைய இடப்பக்கம் தவம், வாய் பிளந்து, கையில் உடைந்த தேங்காய், தண்ணீர் துளித் துளியாகக் காற்றில் நிற்கிறது. ஓரத்தில் கையைத் தலையில் வைத்த நான், பாதி. மேலே முழுக்கப் பூநாரை. பின்னால், அவர்கள் இருவருக்கும் நடுவில், செட்டை விரித்துத் தண்ணீரில் ஓடும் இரண்டு அன்னங்கள். கொஞ்சம் மங்கல்தான். கழுத்தில் டேப் இல்லை.

எதையும் ஒட்டமாட்டேன் என்ற மனுசன் அடுத்த கிழமை வீட்டுக்கு வந்து, தன் கையால் பசை தடவி, அல்பத்தின் கடைசிப் பக்கத்தில் அதை ஒட்டினார். அந்த ஆவணியில் மன்னாருக்கும் போய் வந்தார். தாயோடு நின்று எடுத்த படம் ஒன்றைக் காட்டினார். யாரோ எடுத்தது, இருவருக்கும் கண் மூடியிருந்தது. "இன்னொண்டு எடுத்திருக்கலாமே" என்றேன். "கண் மூடித்தான் இருந்தது" என்றார் பெருமையாக.

இப்போது அவர் இங்கே இல்லை. இத்தாலியின் வடக்கே, கலியாணமாகிப் போன மகளின் வீட்டுப் பக்கமாகப் போய்விட்டார். அங்கே ஏரி நிறைய அன்னமாம், எழும்பி ஜன்னலைத் திறந்தால் அன்னமாம். அதனால் அலுத்துப்போய்ச் சிட்டுக்குருவி எடுக்கிறாராம். தவமும் திரும்பிப் போய்விட்டான். அடுத்த முறை எப்போது என்று ஒவ்வொரு கிழமையும் கேட்கிறேன். பொலிதேயாமாப் படிகள் இப்போது ஒழுங்காகக் காய்கின்றன. எனக்கு அது பிடிக்கவில்லை.

எங்கள் ஹோலில் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. இடைவெளி விட்டது ஒன்று, தேங்காய்ப் படம் மற்றது. போன ஞாயிறு புதிதாக வந்த ஒரு குடும்பம் தேநீர்க் கோப்பையோடு அதற்கு முன்னால் நின்றது.

"சோக்காய் ஒட்டியிருக்கினம், அக்கா" என்றாள் அந்தப் பெண். "மாமனையும் ஒட்டி, அன்னத்தையும் ஒட்டி, மேலை பூநாரையும் ஒட்டி. ஒட்டினது எண்டு தெரியவே தெரியாது. ஆரிட்டைக் குடுத்துச் செய்தனீங்கள்?"

ஒரு காலத்தில் ஒட்டித்தாருங்கோ என்று அழுதவள் நான். எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். கண்ணாடி போட்டிருந்தால் கழற்றித் துடைத்திருப்பேன்.

"ஒட்டினது இல்லை" என்றேன். "எல்லாம் இருந்தது. தேங்காய் வாங்கினது நான்."